ஆதார் நகல் கொடுக்கும் முன்

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் விடுதியில் ஆதார் நகலை நீட்டுகிறார்கள். நாமும் அப்படித்தான், யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தாள் பிறகு எங்கே போகிறது?

படிப்புரையில் வந்து உட்கார்ந்தவரிடம் பத்தாயச் சாவியைக் கொடுப்போமா?

ஆதாரில் 12 இலக்கங்கள். முதல் 8 இலக்கங்களை மறைத்து, கடைசி 4 மட்டும் தெரிகிற ஆதாரும் உண்டு. மாஸ்க்டு ஆதார் என்பார்கள். கடைசி 4 மட்டும்தான் தெரியும். விடுதியில் அடையாளம் காட்ட அது போதும்.

அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது இது. எனவே தயங்காமல் கேளுங்கள்: “முழு எண் எதற்கு?”

ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் மாஸ்க்டு ஆதாரை இலவசமாக எடுக்கலாம். கைபேசிக்கு ஓடிபி வரும். அதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.