எந்தப் பச்சை?

(வாசிப்பறை வண்ணம் பற்றி நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தரைத்தள வாசிப்பறைக்குப் பச்சை என்று முடிவாகிவிட்டது. இப்போது வழக்கு இரண்டு பச்சைகளுக்கு இடையில்தான். வாட்ஸ்அப்பில் அட்டைகளின் படத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே, ஏதாவது ஒண்ணை அடிங்க" என்று பலரும் எழுதியிருந்தீர்கள். கட்டைவிரல் அளவு அட்டையில் ஒன்றுதான். நாலு சுவரிலும் ஏறினால் வேறு வேறு.

ஒன்று, கற்பூரவள்ளி இலையின் அடிப்பக்கம் மாதிரி சாம்பல் கலந்தது. மற்றது வாடிய வாழைக்குருத்து. கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்தது. அந்த அறைக்கு வடக்கே மட்டும்தான் ஜன்னல். நேர் வெயில் பெரும்பாலும் கிடையாது; வருகிற வெளிச்சத்திலும் நீலம் தூக்கல். அதில் முதல் பச்சை இன்னும் சாம்பலாகும். மழைநாளில் பூசி முடிக்காத சிமெண்ட் சுவர் போலத் தெரியும். இரவில் எரிகிற 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டும் அதே பக்கம்தான் இழுக்கும். 3000 கெல்வின் விளக்கு மாட்டினால் கதையே வேறு, அப்போது இரண்டாவது மஞ்சளடித்துப் போகலாம். ஆகவே விளக்கு எது என்று முதலில் பேசுங்கள்.

அங்கே காலையில் பேப்பர் படிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும், உள்ளே போகும் வெளிச்சம் குறையும். அதே எழுத்தைப் படிக்க அவர்களுக்கு நம்மைவிட அதிக வெளிச்சம் வேண்டும். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை ஓர் எண் உண்டு, எல்.ஆர்.வி. என்பார்கள். கடையில் கேட்டுப் பாருங்கள். என் ஓட்டு, அந்த எண் கூடுதலாக உள்ள பச்சைக்கு. அழகு பார்க்க நம் வீட்டு ஹால் இருக்கிறது. கதவு நிலையை மட்டும் சுவரின் நிறத்திலேயே அடித்துவிடாதீர்கள். நிலை தனியாகத் தெரிந்தால்தான் பெரியவர்கள் தோளில் இடித்துக்கொள்ளாமல் போவார்கள்.

பெயின்டர் வழக்கம்போல் சுவரிலேயே இரண்டு பட்டை இழுத்துக் காட்டுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இப்போதுள்ள ரோஸ் சுவர், பக்கத்தில் வரும் எந்தப் பச்சையையும் கூடுதல் பச்சையாகக் காட்டிவிடும். அதனால் பெரிய சார்ட் பேப்பரில், சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு, இரண்டு கோட் அடித்துக் காயவைத்திருக்கிறோம். ஈரத்தில் தெரிவதை நம்பக்கூடாது. ஜன்னலை ஒட்டிய சுவரிலும் எதிர்ச்சுவரிலும் மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள்.

மெஷினில் கலந்த பெயின்டைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். பிறகு ஒரு பக்கெட் குறைகிறது என்று வாங்கினால், அதே நம்பரிலும் இம்மி வித்தியாசம் வரலாம். எனவே அளவெடுத்து மொத்தமாக ஒரே தடவையில் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

சார்ட்டுகள் இந்த வாரம் முழுக்க வாசிப்பறையிலேயே இருக்கும். காலையில் ஒருமுறை, விளக்கு போட்டபின் ஒருமுறை பாருங்கள். சீட்டு செக்யூரிட்டி மேசையில் இருக்கிறது. எழுதிப் போடும் முன், அங்கே தினமும் உட்காருகிற பெரியவர் ஒருவரையாவது கேட்டுவிடுங்கள்.