ஆயுதச் சட்டம் ஏட்டோடு நிற்கலாகாது
(புரோத்ராபூர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2017இல் லாஸ் வேகாஸ் இசைவிழாவில் மக்களைச் சுட்டுக்கொன்றவன், சாதாரணத் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியின் வேகத்தில் சுடவைக்கும் 'பம்ப் ஸ்டாக்' கருவியைப் பொருத்தியிருந்தான். அமெரிக்க நிர்வாகம் அதற்கு விதித்த தடையை 2024இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. மாநிலச் சட்டங்களே அங்கு இன்று அரண்.

இந்தியாவில் ஆயுதங்கள் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. போலித் துப்பாக்கியை உரிமமின்றி மெய்த் துப்பாக்கியாக மாற்றுவதை 1959 ஆயுதச் சட்டம் தடுக்கிறது. 2019 திருத்தம், ஒருவகைத் துப்பாக்கியை வேறுவகையாக மாற்றுவதையும் சேர்த்தது. தண்டனை 7 ஆண்டு முதல் ஆயுள்வரை.

ஆனால், சட்டம் இருந்த நாட்டில்தான் 2015இல் தோழர் கோவிந்த் பன்சாரே சுட்டுக்கொல்லப்பட்டார். துப்பாக்கியைச் செய்பவரையும் விற்பவரையும் ஏவுபவரையும் எட்டாத சட்டம் ஏட்டுச் சுரைக்காயே. சட்டமன்றமே இல்லாத நம் தீவுகளில், அதன் அமலாக்கத்தைக் கேள்வி கேட்பது மக்கள் இயக்கத்தின் கடமை. அக்கடமையை ஏற்போம்!