விழுந்த மரமும் மறந்த கைபேசியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உங்க வேலையைப் பத்திப் பேசுங்க"ன்னு சங்கச் செயலாளர் சொன்னார். வேலையில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் கிடந்த கிடப்பை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த மரங்களை எண்ணி, நிவாரண மனு எழுத நண்பர்கள் சிலர் உதவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை இரண்டே ராத்திரியில் எழுதிக் கொடுத்தேன். பெயருக்கும் சர்வே எண்ணுக்கும் இரண்டு கட்டம், மரத்துக்கு ஒரு தட்டு என்று எண்ணிக்கையைக் கூட்டும் பொத்தான், கடைசியில் ஒரு புகைப்படம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர், "தம்பி, எழுதினத ஒரு தடவ படிச்சுக் காட்டுப்பா" என்றார். பெயர் சரி. சர்வே எண் சரி. மரம் 0. தோப்பையே பறிகொடுத்த மனுஷன் அவர்!

நடந்தது இதுதான். நண்பர்கள் கையில் இருந்தவை 1 ஜி.பி. நினைவகம் கொண்ட மலிவுக் கைபேசிகள். கேமராவைத் திறந்ததும் இடம் போதாமல், பின்னால் நிற்கும் நம் செயலியை ஆண்ட்ராய்டு மூடிவிடும். கேட்காது, சொல்லாது. நாம் திரும்பி வரும்போது திரையைப் புதிதாகக் கட்டி, பழைய நிலையை ஒரு மூட்டையாகக் கையில் கொடுக்கும். தட்டச்சுக் கட்டங்கள், அவற்றுக்கு ஓர் அடையாளம் கொடுத்திருந்தால், தங்கள் எழுத்தைத் தாங்களே அந்த மூட்டையில் வைத்துக்கொள்ளும். மற்ற மாறிகளை நாம்தான் 'ஆன்சேவ்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட்' என்ற இடத்தில் கட்டித் தர வேண்டும். மர எண்ணிக்கையை நான் கட்டவில்லை. படிவம் முழுக்க வெறுமையாகியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பாதி திரும்பி வந்ததுதான் வினை. நினைவகம் தாராளமாக இருந்த என் கைபேசியில் ஒருமுறைகூட இப்படி ஆகவில்லை.

1996-ல் வந்த பாம் பைலட்டில் ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான். வெளியேறும்போது ஒவ்வொன்றும் தன் நிலையைக் குறித்து வைத்துவிட்டுப் போக வேண்டும். வசதி பெருகியதும் எங்களுக்கு அந்தப் பயம் போய்விட்டது.

மூட்டை மட்டும் போதாது. ஊரில் கரண்ட் இல்லை. பேட்டரி தீர்ந்து கைபேசி அணைந்தால் மூட்டையும் போச்சு. ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் எண்ணிக்கையை உடனே தரவுத்தளத்தில் எழுதும்படி மாற்றினேன். தம்பிகளா, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிடீஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, கேமராவுக்குப் போய்த் திரும்பி வந்து பாருங்கள். எனக்கு அது தெரியும். போட்டுப் பார்க்கத்தான் நேரமில்லை என்று நினைத்தேன்.

அந்த மூன்று நாள் கணக்கையும் மறுபடி எடுத்தோம். அதற்குள் சில தோப்புகளில் மரங்களை அறுத்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். அங்கே வேர்க்குழிகளைத்தான் எண்ணினோம். பெரியவரும் கூடவே நடந்து வந்து எண்ணினார்.