பிள்ளை யாரிடம் வளர்வது?



கணவனும் மனைவியும் பிரிவதென்று முடிவாகிவிட்டால், நம் தோட்டங்களில் உடனே எழும் கேள்வி, “பிள்ளைகள் யாருக்கு?” என்பதாகும். “சம்பாதித்துப் போடுபவன் தகப்பன், பிள்ளை அவனுக்கே” என்பர் சிலர். “பெற்றவளிடமிருந்து யார் பிரிக்க முடியும்?” என்பர் வேறு சிலர். சட்டம் இவ்விரண்டையும் அப்படியே ஏற்பதில்லை.

முஸ்லிம் அல்லாதாருக்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. பிள்ளையின் நலனே தலையாயது என்று அதன் 88ஆம் பிரிவு கூறுகின்றது. பெற்றோரின் விருப்பமும், சொந்தமாகக் கருத்துரைக்கும் வயதை எட்டிய பிள்ளையின் விருப்பமும் அதற்கு அடுத்தபடியாகவே கருதப்படும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து நீதிமன்றத்திற்கு அழைத்துச் செல்வதில் பயனில்லை; இரண்டாவது கேள்வியிலேயே அது தடுமாறிவிடும்.

ஏழு வயதிற்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்பது சட்டத்தின் அனுமானம். ஆயினும் அது மாற்ற முடியாத விதியன்று. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். தாய் பட்டணத்திற்குச் சென்று ஈராண்டுகள் ஆகின்றன. தந்தை வேலைக்குப் போனதும் பாட்டிதான் அவனைக் குளிப்பாட்டிப் பாலர் பள்ளிக்கு அனுப்புகின்றார். இத்தகைய நிலையில், பழகிய வாழ்க்கையைக் குலைப்பது பிள்ளைக்கு ஏற்றதா என்பதையும் நீதிபதி எண்ணியாக வேண்டும். அதையும் அச்சட்டமே வலியுறுத்துகின்றது.

ஆகவே, இரவோடிரவாகப் பிள்ளையைத் தூக்கிச் சென்று வேறு தோட்டத்தில் ஒளித்துவைப்பது வழக்கை வெல்லும் வழி என்று எவரும் எண்ண வேண்டாம். நிலையாக வாழ்ந்த பிள்ளையை அலைக்கழித்தது யார் என்ற கேள்விக்கு அவரே விடை கூற நேரும்.

உடன்பிறந்தோர் அனைவரையும் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஒவ்வொரு பிள்ளையின் நலனும் தனித்தனியே ஆராயப்படும். பெற்றோர் இருவருமே தகுதியற்றவர் எனில், உறவினர் ஒருவரிடமும் ஒப்படைக்கலாம். சமூகநல அதிகாரியின் ஆலோசனையை நீதிமன்றம் கேட்பதுமுண்டு.

பிள்ளை தாயிடம் வளர்வதால் தந்தையின் கடமை தீர்ந்துவிடாது. நீதிமன்றம் விதிக்கும் பராமரிப்புத் தொகையை அவர் செலுத்தியே ஆக வேண்டும். முன்பு இது பொதுவாக 18 வயதோடு முடிந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மேற்கல்வியோ தொழிற்பயிற்சியோ முடியும்வரை நீடிக்கலாம். பணம் தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுக்கும் தாய்மார்களையும் நாம் அறிவோம். அவர்களுடைய கோபம் நியாயமானதே. எனினும் பார்க்கும் உரிமைக்குக் கட்டளை இருந்தால், அதைத் தாமாகத் தடுக்கலாகாது. நிலைமை மாறினால் கட்டளையை மாற்றித்தருமாறு விண்ணப்பிக்க இடமுண்டு.

வருமானம் குறைந்தோர் ஜாபாத்தான் பந்துவான் குவாமான் எனும் சட்ட உதவித் துறையை நாடலாம். செல்லும்போது திருமணப் பதிவுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பள்ளித் தேர்ச்சி அறிக்கை, கிளினிக் அட்டை ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பதையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.