கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி

மாடம்பாக்கத்துல எங்க மாடி வீட்டு அக்காவோட பொண்ணு அப்போ எட்டாவது படிச்சிட்டிருந்தா. 2025 மார்ச்சில தமிழ்நாடு பட்ஜெட்டில, 14 வயசுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவிச்சாங்க. அந்தச் செய்தியைப் பார்த்துட்டு அக்கா கீழே இறங்கி வந்தாங்க. "தம்பி, ஸ்கூல்ல ஃபார்ம் குடுத்தா கையெழுத்துப் போடலாமா? சின்னப் பொண்ணுக்கு இது எதுக்கு?"

கொஞ்சம் தயங்கினேன். அப்புறம் நேராவே சொன்னேன். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு கிட்டத்தட்ட எப்பவுமே எச்.பி.வி. வைரஸ்தான் காரணம். அது உடலுறவு வழியாப் பரவும். உள்ளே வந்துட்ட வைரஸை இந்த ஊசி விரட்டாது. வர்றதுக்கு முன்னாடியே போட்டாத்தான் முழுப் பலன். அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் 9லிருந்து 14 வயசுன்னு சொல்லுது. பொண்ணோட நடத்தைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனா அக்கா கேட்டது சரியான கேள்வி. 2009-ல, அப்போ ஆந்திராவுல இருந்த கம்மம் மாவட்டத்துல ஒரு ஆய்வுத் திட்டத்துக்காக மாணவிகளுக்கு இந்த ஊசி போட்டாங்க. பல பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலா ஹாஸ்டல் வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தாங்க. சில மாணவிகள் இறந்தப்போ, 2010-ல திட்டம் நின்னுபோச்சு. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமா இருக்க வாய்ப்பில்லைன்னு விசாரணைக் குழு சொல்லுச்சு. ஆனாலும் போன நம்பிக்கை சீக்கிரம் திரும்பலை.

2018-ல சிக்கிம் வேற வழியில போச்சு. முதல்ல ஆசிரியர்கள், சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க, பெற்றோர்கிட்ட பேசினாங்க. அப்புறம்தான் பள்ளிக்கூடங்கள்ல ஊசி. 9லிருந்து 13 வயசுப் பிள்ளைகள்ல நூத்துக்கு 95 பேருக்கு மேல போட்டுக்கிட்டாங்க. ஊசி ரெண்டு இடத்துலயும் எச்.பி.வி. ஊசிதான். பெத்தவங்ககிட்ட பேசினதுதான் வித்தியாசம்.

அதனால ஃபார்ம் வந்தா படிங்க. எந்த ஊசி, எத்தனை டோஸ், போட்ட பிறகு காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிடணும்னு கேளுங்க. பதில் வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கடைசியா அக்காகிட்ட இன்னொண்ணும் சொன்னேன்: "பொண்ணுக்கு ஊசி. முப்பது தாண்டின உங்களுக்குப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே பண்றாங்க."

அக்கா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க, "எந்நேரத்துக்குப் போனா டாக்டர் இருப்பாங்க?"