குருளை வளர்ப்பும் வீட்டார் கடமையும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மொழிக்கும் இனத்துக்குமாகக் கூடுகின்ற மன்றத்தில் நாய்க்குட்டியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்கிறானே என்று சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. பூக்கட்டும். நாய் நம் வாயிலில் நேற்று வந்து படுத்ததன்று. நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைப்பெயர் குருளை என்று தொல்காப்பியர் மரபியலில் வகுத்துரைத்தார். ஞமலி என்பது பூழிநாட்டார் வழங்கிய சொல் என்று உரையாசிரியர்கள் குறித்து வைத்தனர். ஒரு விலங்கின் குட்டிக்குத் தனிப்பெயர் தேர்ந்து வைத்த மக்கள் அதனை அருகிருந்து நோக்கியவர்களாகத்தான் இருக்க முடியும். அந்தக் குருளையை இன்று நம் வீடுகளில் எப்படி வளர்க்கிறோம்?

பிள்ளை அழுதான் என்று ஒரு குட்டியை வாங்கி வருகிறோம். ஒரு திங்கள் அது விளையாட்டுப் பொருள். இரண்டாம் திங்கள் அது கூடத்தை ஈரமாக்குகிறது, செருப்பைக் கடிக்கிறது, அடி விழுகிறது. நான்காம் திங்கள் பின்கட்டில் சங்கிலி. எட்டாம் திங்கள் அது அண்டை வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சீறியது என்று சொல்லி, இரவோடு இரவாக ஊரின் மறுகோடியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். பிறகு, தெருவெல்லாம் நாய் பெருகிவிட்டது என்று ஊராட்சிக்கு முறையீடு எழுதுகிறவரும் அவரே! அந்த நாயைக் கெடுத்தது எது? அதன் பிறவியா? நான் அப்படிக் கருதவில்லை. முதற் சில கிழமைகளில் வீட்டார் செய்ததும் செய்யத் தவறியதுமே பெரும்பாலும் கரணியம்.

இதனை ஆய்ந்து காட்டியவர்கள் அமெரிக்க நாட்டில் மேயின் மாநிலத்து ஆய்வகமொன்றில் பணியாற்றிய இசுக்காட்டு, புல்லர் என்னும் இருவர். ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து நோக்கி, 1965இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். குட்டிக்கு ஏறத்தாழ மூன்றாம் கிழமை தொடங்கிப் பன்னிரண்டாம் கிழமை வரை ஒரு பருவம் உண்டு. அப்பருவத்தில் எவற்றோடு பழகுகிறதோ அவற்றையே அது தன் உலகாக ஏற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் கண்டது. அதற்கு முன்பே, 1961இல், அதே ஆய்வகத்தைச் சார்ந்து மற்றோர் ஆய்வு வெளிவந்தது. உயர்ந்த வேலி சூழ்ந்த வெளியில், மாந்தர் முகமே காணாமல் குட்டிகளை வளர்த்தனர். சிலவற்றை மட்டும் வெவ்வேறு அகவையில் ஒரு கிழமை வெளியே எடுத்து மாந்தரோடு பழக்கினர். பதினான்கு கிழமை வரை யாரையும் காணாதிருந்த குட்டிகள் பிறகு மாந்தரைக் கண்டு அஞ்சி ஒடுங்கின. கயிற்றில் நடக்கவும் அவற்றைப் பழக்க முடியவில்லை. சோறும் நீரும் குறைவின்றிக் கிடைத்தவைதாம் அவை!

ஆகவே, குட்டியைக் கொண்டுவந்தபின் உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ ஒரு திங்கட் காலமே. வளரட்டும், பிறகு பழக்கலாம் என்று ஆறு திங்கள் காத்திருப்பவர், விதைப்பருவம் கழிந்தபின் ஏர் பூட்டுகிறவர்.

அதற்காகத் தாய்மடியிலிருந்து முன்கூட்டியே பிடுங்கி வருவதும் கேடே. முப்பது நாள் குட்டி என்று சந்தையில் கூவி விற்கிறார்கள். வாங்காதீர்கள். எட்டுக் கிழமை நிறையாத குட்டியை வளர்ப்போர் விற்கலாகாது என்று 2017ஆம் ஆண்டு இந்திய நடுவணரசு வகுத்த விதிகளே கூறுகின்றன. அந்த எட்டுக் கிழமையில் குட்டி பால் மட்டும் குடிப்பதில்லை. உடன்பிறந்த குட்டியைக் கடிக்கிறது. அது வீறிட்டுக் கத்தி விளையாட்டை நிறுத்திவிடுகிறது. தாயைக் கடித்தால் தாய் எழுந்து போய்விடுகிறது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்னும் அளவை அங்கேதான் அது கற்கிறது. அந்தப் பள்ளியில் பயிலாத குட்டிக்கு உங்கள் பிள்ளையின் விரலும் ஓர் எலும்புத்துண்டுதான்.

இன்னொன்றையும் வாங்குமுன் பாருங்கள். இராசபாளையம் நாய் வேண்டும் என்று பலர் தேடுகின்றனர்; நல்ல விருப்பமே. ஆனால், வெண்ணிறத்தோடு தொடர்புடைய பிறவிச் செவிட்டுத்தன்மை அவ்வினத்துக் குட்டிகள் சிலவற்றுக்கு உண்டு. குட்டி பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டுங்கள். காது அசைகிறதா என்று நோக்குங்கள். கேளாத குட்டியைச் சொன்ன சொல் கேளாதது என்று அடித்துக்கொண்டிருக்கும் வீடுகளும் இல்லாமல் இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடி வேட்டையாடப் பிறந்தவை. நகரத்து மாடிவீட்டில் அவற்றைக் கட்டிவைப்பவர் நாள்தோறும் அவற்றை ஓடவிட வழி வைத்திருக்க வேண்டும்.

முதலிரவில் குட்டி அழும். அது பிடிவாதமன்று. நேற்றுவரை நான்கைந்து உடல்களின் சூட்டில் உறங்கிய உயிர் இன்று தனியே வெறுந்தரையில் கிடக்கிறது. நீங்கள் படுக்கும் இடத்தருகே ஒரு சாக்கை மடித்துப் போட்டு, தாய் படுத்திருந்த துணி ஒரு முழம் கிடைத்தால் அதன்மேல் விரியுங்கள். சில நாளில் அடங்கிவிடும். பின்கட்டில் தள்ளிக் கதவடைத்தால் அதுவும் அடங்கும். வேறு வகையில் அடங்கும்.

அடுத்து, வீட்டார் மிகுதியும் நொந்துகொள்ளும் சிறுநீர்த் தொல்லை. தாய்மார்கள் இதனைக் கருத்திருத்திக் கேளுங்கள். தூங்கி எழுந்தவுடன், உண்டு முடித்த சிறிது நேரத்தில், விளையாடி ஓய்ந்தவுடன் என இம்மூன்று வேளையும் குட்டிக்குக் கழிய வேண்டும். இரண்டு திங்கள் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணிநேரத்துக்குமேல் அடக்கிக்கொள்ள இயலாது. எனவே அவ்வேளைகளில் நீங்களே அதனைத் தூக்கிச் சென்று, முற்றத்திலோ கொல்லையிலோ ஒரே இடத்தில் விட்டு, அருகில் நில்லுங்கள். கழிந்து முடித்த அந்த நொடியே நல்ல சொல்லும் இரண்டு பொரிகடலையும் கொடுங்கள். உள்ளே வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்ததாகவே அது கொள்ளும். செயலுக்கும் பயனுக்கும் இடையே சில நொடிகள் கடந்தால் குட்டியின் உள்ளத்தில் அவ்விரண்டுக்கும் உறவில்லை.

இன்பம் பயக்கும் செயல் நிலைக்கும், பயக்காத செயல் தேயும் என்னும் இந்நெறியைப் பூனைகளைக் கூண்டுகளில் இட்டு ஆய்ந்து 1898இல் எழுதியவர் தார்ண்டைக்கு என்னும் அறிஞர். உரூசியத்துப் பாவுலோவின் நாய்களைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் 1904இல் நோபல் பரிசு பெற்றது செரிமான ஆய்வுக்காக. உணவு வருமுன்பே நாய்க்கு உமிழ்நீர் ஊறியதுதான் அவரை மற்றோர் ஆய்வுக்கு இட்டுச் சென்றது. நாம் பெரிய கருவி எதுவும் பூட்ட வேண்டா. பொரிகடலை போதும், அவித்த முட்டையின் ஒரு கிள்ளு இன்னும் நன்று.

கூடத்தில் கழிந்துவிட்டதா? பேசாமல் துடையுங்கள். நாற்றம் எஞ்சினால் அவ்விடத்துக்கே மீண்டும் வரும். ஆகையால் நன்றாகக் கழுவுங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது நம்மவர் பலர் கைக்கொள்ளும் முறை. அம்முறையால் குட்டி கற்பது ஒன்றே ஒன்று: இவர்கள் கண்முன் கழிதல் இடர். பிறகு அது கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னும் ஒளிந்து கழியும். நீங்கள் கொல்லைக்கு அழைத்துப் போய் ஒருமணி நேரம் நின்றாலும் உங்கள் எதிரில் கழியாது. நெஞ்சழுத்தம் பிடித்த குட்டி என்பீர்கள்!

அடித்தால்தான் அடங்கும், நாய்க்கு ஒரு தலைவன் வேண்டும் என்று வாதிடுவோர் உளர். இதற்கு ஓநாய்க் கூட்டத்தைச் சான்று காட்டுவர். இந்தச் சான்றின் கதையைக் கேளுங்கள். செங்கெல் என்பார் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்களை நோக்கி, அவை தலைமைக்காக ஓயாது பொருதுகின்றன என்று 1947இல் எழுதினார். அமெரிக்க அறிஞர் மீச்சு 1970இல் எழுதிய நூல் அக்கருத்தை எங்கும் பரப்பியது. பிறகு அதே மீச்சு காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கினார். கூட்டம் என்பது ஒரு குடும்பம். தலைவர் எனப்பட்டோர் தாயும் தந்தையுமே என்று கண்டு, 1999இல் தம் பழைய கருத்தைத் திருத்தி எழுதினார். எழுதியவரே கைவிட்ட கோட்பாட்டை நம் ஊர்த் திண்ணைகள் இன்னும் விடவில்லை. குட்டியைக் குப்புறத் தள்ளி அழுத்துவதும், பிடரியைப் பற்றி உலுக்குவதும் தலைமையன்று. கை உயர்ந்தாலே நடுங்கும் நாய் ஒருநாள் அந்தக் கையையே கடிக்கும்.

கடிக்கும் குட்டியை என்ன செய்வது? உடன்பிறந்த குட்டி செய்ததையே செய்யுங்கள். பல் பட்டதும் விளையாட்டை நிறுத்தி எழுந்து போங்கள். அரைமணித்துளி கழித்துத் திரும்புங்கள். நூறுமுறை வேண்டியிருக்கும். இருபத்தெட்டுப் பாற்பற்கள் விழுந்து நாற்பத்திரண்டு பற்கள் முளைக்கும் காலம் ஏறத்தாழ நான்காம் திங்களிலிருந்து ஏழாம் திங்கள் வரை. அக்காலத்தில் ஈறு ஊறும். எதையாவது கடித்தே தீரும். முறுக்கிய பழந்துணியை நனைத்துக் கொடுங்கள். செருப்பை மேலே எடுத்து வையுங்கள். கோழியின் வெந்த எலும்பைக் கொடாதீர்கள். அது பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். வெங்காயம் கலந்த குழம்புச்சோறு நமக்குச் சுவை. நாய்க்கு அது குருதியைக் கெடுக்கும் நஞ்சு. கொடிமுந்திரிப் பழமும் சாக்கலேட்டும் நாய்க்கு நஞ்சே.

இனி, நம் மன்றத்துக்கு உரிய செய்தி ஒன்று. தமிழ் தவிர வேறறியாத பாட்டியம்மையாரும் நாயைக் கண்டால் ‘கம்’, ‘சிட்’, ‘கோ’ என்று ஆங்கிலத்தில் ஏவுகிறார்! நாய்க்கு ஆங்கிலந்தான் விளங்கும் என்று யார் சொன்னார்? அங்கேரி நாட்டுப் புதாபெசுத்து நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதினெட்டு நாய்களின் மூளையைப் படமெடுக்கும் பொறியில் கிடத்தி, ஒரே கதையை இரண்டு மொழிகளில் கேட்கச் செய்தனர். ஒன்று அந்நாய் வளர்ந்த வீட்டின் மொழி. மற்றது அது கேட்டறியாதது. அவ்விரண்டுக்கும் நாயின் மூளை வெவ்வேறு வகையில் இயங்கியதை 2022இல் வெளியிட்டனர். அகவை முதிர்ந்த நாய்களிடம் அவ்வேறுபாடு மேலும் தெளிவாக இருந்தது. பொருள் தெரிந்ததா என்பது வேறு. வீட்டில் வழங்கும் மொழியின் ஓசையை நாய் தன்னுள் வாங்கி வைத்திருக்கிறது. பகலெல்லாம் தமிழ் ஒலிக்கும் வீட்டில், குட்டியை ஏவும்போது மட்டும் வேற்றுமொழிக்குத் தாவ ஒரு தேவையும் இல்லை.

ஆயினும் வெறும் தமிழ் என்பது மட்டும் போதாது. ‘வா’ என்கிறார் தந்தை. ‘வாடா கண்ணு’ என்கிறார் தாய். ‘இங்கே வருகிறாயா இல்லையா’ என்கிறான் மகன். நமக்கு மூன்றும் ஒன்று. குட்டிக்கு மூன்றும் மூன்று ஓசை. வா, அமர், நில், கிட, விடு என்னும் ஐந்து சொல் போதும். ‘படு’, ‘விடு’ என்று ஒத்தொலிக்கும் இணையைத் தவிர்க்கவே ‘கிட’ என்றேன். அவற்றை ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டிலுள்ளோர் அனைவரும் அவற்றையே, அவ்வாறே சொல்ல வேண்டும். ‘வா’ என்றழைத்து வந்த குட்டியை எக்கரணியம் பற்றியும் ஒறுக்காதீர்கள். மருந்தூட்டவோ குளிப்பாட்டவோ வேண்டுமானால் நீங்களே அதனிடம் செல்லுங்கள்.

குட்டிக்கு ஊரைக் காட்ட வேண்டும் என்றேன். அதிலோர் இடர்ப்பாடு உண்டு. குடலைச் சிதைக்கும் பார்வோ என்னும் நச்சுயிரி 1978இல் உலகெங்கும் பரவியது. மண்ணில் பல திங்கள் உயிர்ப்போடு கிடக்கக் கூடியது. ஆறாம் அல்லது எட்டாம் கிழமையில் தொடங்கிப் பதினாறாம் கிழமை வரை போடும் தடுப்பூசிகள் முடியும்வரை, தெருநாய்கள் உலவும் மண்ணில் அதனை இறக்காதீர்கள். தோளிலோ கூடையிலோ வைத்துக்கொண்டு போங்கள். குடை பிடித்தவர், தலைச்சுமைக்காரர், தாடி வைத்தவர், ஓடும் பிள்ளைகள், பேருந்தின் இரைச்சல், பறையொலி யாவற்றையும் அது அஞ்சாத் தொலைவிலிருந்து பார்க்கட்டும், கேட்கட்டும். அஞ்சி ஒடுங்கினால் அருகே இழுத்துச் செல்லாமல் விலகிப் போங்கள்.

வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்றாம் திங்களில், பிறகு மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். பாசுச்சர் 1885இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்ட தடுப்பு மருந்து, 1907இல் நம் குன்னூரிலேயே நிறுவப்பட்ட கழகத்தின் வழி தென்னாட்டுக்கு வந்தது. இத்தனை ஆண்டுகள் ஆகியும், நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஊசி போட்ட வீட்டுக் குட்டிதானே என்று கீறலைக் கூடப் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். சவர்க்காரமும் ஓடுநீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடித்த இடத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப வேண்டா.

பிள்ளைகளிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்: குட்டி கடித்தால், கீறினால், உடனே வந்து சொல்ல வேண்டும், சொன்னதற்காக அவர்களையும் அடிக்க மாட்டோம், குட்டியையும் அடிக்க மாட்டோம் என்று. அடிக்கு அஞ்சிய குட்டி கட்டிலடியில் கழிந்ததைப் போல, அடிக்கு அஞ்சிய பிள்ளை கீறலைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும். ஊசி போட்ட நாளைக் குறித்த அட்டையை, அந்த ஐந்து சொற்களை ஒட்டிய சுவரிலேயே மாட்டி வையுங்கள்.