கோழிக்கொட்டிலுக்கு ஏற்ற மலிவான தளம்



நெல்லும் மரக்கறியும் பயிரிடும் நம்மவர் பலர், வீட்டுச் செலவுக்கு உதவியாக முப்பது நாற்பது கோழிகளையும் வளர்த்து வருகின்றனர். ஆள் நிமிர்ந்து உள்ளே செல்லத்தக்க உயரத்தில், சுற்றிலும் கம்பிவலை அடித்துக் கொட்டில் அமைக்கையில், கூரைக்கும் வலைக்கும் பணம் தேடிய பின்னர், தளத்துக்கு என்ன செய்வதென்ற கேள்வி எழுகின்றது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வெறும் மண்தரை போதுமென்று எண்ணுவோர் உளர். கோடையில் அது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே தரை சேறாகிவிடும். குஞ்சுகளைக் கூட்டமாக மாய்க்கும் இரத்தக்கழிச்சல் நோயின் கிருமி எச்சத்தோடு வெளிவருகின்றது. ஈரமும் வெப்பமும் கிடைப்பின், இரண்டொரு நாளிலேயே அது பிற குஞ்சுகளைத் தொற்றும் பக்குவத்தை அடையும். காய்ந்த தரையில் அதற்கு அவ்வளவு வாய்ப்பில்லை. ஆகவே தளத்திற் பார்க்கவேண்டியது உலர்வு, அழகன்று.

சீமெந்து இட்டுவிட்டாற் கவலையில்லையென்பது பலரது எண்ணம். 12 அடி நீளமும் 10 அடி அகலமுமான கொட்டிலுக்கு 3 அங்குலத் தடிப்பிற் கொங்கிறீற்று இடுவதற்கு ஏறக்குறைய நான்கு பை சீமெந்து வேண்டும். மணலும் கல்லும் கூலியும் வேறு. கழுவுதல் எளிது; எலியும் கீரியும் தோண்டி நுழையமாட்டா. இவை மெய்யே. எனினும் வெறுஞ் சீமெந்தின்மீது கோழிகளை விட்டாற் காலிற் புண் உண்டாகும்; அதன் மீதும் கூளம் பரப்பியே ஆகவேண்டும். கடன்பட்டுச் சீமெந்துத் தளம் இட்ட ஒருவர், கூரையை வெளியே இரண்டடி நீட்டுவதற்குக் கையிற் பணமின்றி விட்டதை நான் கண்டிருக்கிறேன். சாரல் உள்ளே அடித்தது. நீர் வடிய வழியின்றித் தளத்திலே தேங்கியது. அந்த மாரியில் அவருடைய குஞ்சுகளிற் பாதி மாண்டன.

ஆதலின் பணத்தை முதலிற் கூரைக்கே செலவிடுங்கள். கொட்டிலின் நிலத்தைச் சுற்றுப்புறத்திலும் அரை அடியாவது உயர்த்திக் கிறவல் பரப்பி, நீர் தெளித்து நன்கு இடித்து இறுக்குங்கள். சுற்றிலும் வாய்க்கால் வெட்டி நீரை அப்பாற் செலுத்துங்கள். கீரியும் நாயும் தோண்டாதிருக்க, வலையின் அடிப்பகுதியை ஓரடி ஆழத்திற் புதைக்கவேண்டும். வெளிப்புறமாக மடித்து மண்ணில் மூடினால் இன்னும் நன்று.

இனி அதன்மேல் உமியை 4 முதல் 6 அங்குலம் வரை பரப்புங்கள். இதனையே ஆழ்கூள முறை என்பர். மேற்கூறிய அளவுள்ள கொட்டிலில் ஆறங்குலம் பரப்ப ஏறக்குறைய 170 கிலோ உமி தேவைப்படும். நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்களவு உமியாகையால், 850 கிலோ நெல்லைக் குற்றினால் இவ்வளவும் கிடைத்துவிடும். நும் நெல்லைக் குற்றுவிக்கும் ஆலையிற் சாக்கோடு சென்று கேட்டுப் பாருங்கள். மரத்தூளும் உதவும், ஆயின் மருந்து பூசிய மரத்தின் தூளைத் தொடவேண்டாம். வைக்கோலாயின் இரண்டங்குலத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள், இன்றேல் பாய்போல் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் கோழியின் சுவாசப்பையைக் கெடுக்கும். மணல் நன்கு நீர் வடியும்; ஆனால் அது எருவாகாது, அதன் விலையையும் அறிவீர்கள்.

கூளத்தை வாரமொருமுறையாவது வாரியாற் கிளறிவிடுக. ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. கையை விரித்ததும் மெல்ல உதிர்ந்தால் அளவு சரி. மூக்கை அரிக்கும் நெடி வீசினாலும் ஈரம் மிகுந்ததென்றே கொள்ளுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சூழவுள்ள கூளமே பெரும்பாலும் முதலில் நனையும். அதை மட்டும் அள்ளி அகற்றிப் புது உமி இட்டாற் போதும். பலர் இதைச் செய்யாது சுண்ணாம்பை அள்ளித் தூவுகின்றனர். நனைந்த கூளத்தை அகற்றாமற் சுண்ணாம்பு தூவுவதாற் பயனில்லை.

ஓராண்டு கழிந்த கூளம் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல எரு. ஆனால் பச்சையாக இட்டாற் பயிர் கருகும். மழை படாத இடத்திற் குவித்து, இடையிடையே புரட்டி, சூடு தணிந்து மண்மணம் வந்தபின் இடுங்கள். கோழிகள் நோயின்றி இருந்திருப்பின், பழைய கூளத்திற் சிறிதளவைக் கொட்டிலிலேயே விட்டு, அதன்மேற் புது உமியைப் பரப்பலாம். நோய் கண்ட கொட்டிலாயின் முழுவதையும் அகற்றி, தரை நன்கு காய்ந்தபின்னரே அடுத்த குஞ்சுகளை விடுங்கள்.